ஒரு ரேஸ் பைக் திருந்துகிறது!

டிராக்கில் துள்ளிக் குதித்த பழைய ஆர்.எக்ஸ்.100-ஐ அடையாறு சிக்னலில் அடக்கமாக நிற்க வைக்க முடியுமா? முடியும். ஆனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்!

ரேஸ் பைக் தயாரிப்பது சுலபம் சார். நல்ல பைக்காக ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. ஹெட்லைட்டா? கழற்று. ஹாரனா? கழற்று. இண்டிகேட்டர், கண்ணாடி, ஸ்டாண்டு, மட்கார்டு, பின் சீட்டு, சேலை கார்டு... எல்லாவற்றையும் கழற்று! கடைசியில் இரண்டு சக்கரம், ஒரு எஞ்சின், ஒரு டேங்க், அதன் மேல் குப்புறப் படுத்த ஒரு பையன். ஆச்சு, ரேஸ் பைக் ரெடி.

கஷ்டமெல்லாம் ரிவர்ஸில் போகும்போதுதான். டிராக்கில் ஓடி ஓய்ந்த வண்டியை வாங்கி, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது இருக்கிறதே... கல்யாண மண்டபத்தில் தொலைந்த செருப்பைத் தேடுகிற மாதிரி. ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடைக்காது!

நம்ம ஹீரோவை அறிமுகப்படுத்தி விடுகிறேன். ஆள் கற்பனைதான். ஆனால் உங்கள் ஆபீஸில் தேடினால் இப்படி ஒருத்தர் நிச்சயம் அகப்படுவார். வயது இருபத்தேழு. லஸ் பக்கம் ஆபீஸ், கம்ப்யூட்டர் முன் வேலை. வீடு பெசன்ட் நகர் கடலோரம், ஊரூர் ஒல்காட் குப்பத்தில். (ஒல்காட் யாரென்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் பெரிய தோட்டத்தோடு இருக்கிறதே தியாசாபிகல் சொசைட்டி, அதை நிறுவியவர்களில் ஒருவரான அமெரிக்க கர்னல்.) அப்பா கடல் தொழில். அம்மா சாயங்காலம் ரோட்டோரம் மீன் வியாபாரம். ஹீரோவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் - பைக்!

சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு, ரேஸில் ஓடிய ஆர்.எக்ஸ்.100 ஒன்றை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறார். குப்பமே கூடி நிற்கிறது. அப்பா எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, "எஞ்சினுக்கு உசுரு கீது" என்கிறார். அம்மாவோ வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்னாடா இது, தோலுரிச்ச சுறா கணக்கா கீது? இதுல நான் எங்க குந்துறது?" என்கிறார்.

நல்ல கேள்வி. வரிசையாகப் போவோம்.

சோழவரம் வாசனை

அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். சென்னைக்கும் ரேஸுக்கும் உள்ள உறவு இன்று நேற்றையது அல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தது 1953-ல். செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. விமானம் வராவிட்டால் என்ன, பைக் வரட்டும் என்று அங்கே போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். 1980-களின் கடைசி வரை சோழவரம் ரேஸ் என்றால் ஊரே கிளம்பிப் போகும். வெயில், தூசி, அதோடு ஒரு வாசனை! அந்தக் கால ரேஸ் எஞ்சின்களில் ஆமணக்கு எண்ணெயில் செய்த ஆயிலை ஊற்றுவார்கள். அது எரியும்போது ஒரு இனிப்பு வாசனை வரும். இன்றைக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் சோழவரம் என்று சொல்லிப் பாருங்கள். மூக்கு விடைக்கும்! (காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான்.)

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், ரேஸுக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நிரந்தர டிராக் வந்தது. சோழவரம் ஞாபகமாகிப் போனது.

இதற்கிடையில் ஒரு புரட்சி. 1984-லிருந்து 86-க்குள் சுசூகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி என்று நாலு ஜப்பான் கம்பெனிகளின் 100 சி.சி. வண்டிகளும் இந்தியக் கூட்டாளிகளோடு இங்கே வந்து இறங்கின. அதில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 தனி ரகம். 98 சி.சி., 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை. காகிதத்தில் பார்த்தால் சாது. கிளட்சை விட்டால் ராட்சசன்! 1996 வரை தயாரானது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. ஆனால் மவுசு முடியவில்லை. அன்று புதுசாக விற்ற விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இன்று பழசை வாங்குகிறார்கள்.

முதலில் ஆர்.சி. புக், அப்புறம் ஸ்பானர்

டிராக் பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல. கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனியுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும். எஞ்சின் நம்பர் கிராங்க் கேஸில். இரண்டையும் எழுதிக்கொண்டு ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள்.

டிராக்கில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி. காலையில் ஒன்று வெடித்தால் மத்தியானம் வேறொன்று மாட்டுவார்கள். அங்கே யாரும் நம்பர் கேட்பதில்லை. ரோட்டில் கேட்பார்கள்! எஞ்சின் நம்பர் புக்கில் உள்ளபடி இல்லையென்றால், அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பில் வேண்டும். ஆர்.டி.ஓ.விடம் சொல்லி மாற்றத்தைப் பதிய வேண்டும். நம்பரையே யாராவது அரத்தால் ராவி இருந்தால்? டெம்போவை அப்படியே திருப்பச் சொல்லுங்கள். அது திருட்டு வண்டியாக இருந்தால், வண்டியோடு நீங்களும் ஸ்டேஷனில் நிற்க வேண்டியிருக்கும்.

புக் தொலைந்து போயிருந்தால் பரவாயில்லை. பதிவில் இருப்பவர் பெயரில் ஃபார்ம் 26 போட்டு டூப்ளிகேட் வாங்கலாம். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. ஆனால் பதிவையே ரத்து செய்து ஒப்படைத்துவிட்ட வண்டி என்றால், கனவை மூட்டை கட்டிவிடுங்கள். கம்பெனியே ரேஸுக்கென்று செய்த வண்டிகளும் அப்படித்தான். அவற்றுக்குப் பிறந்த நாளிலிருந்தே பதிவு கிடையாது. எத்தனை லைட் மாட்டினாலும் அவை ரோட்டு வண்டி ஆகாது. வீட்டு ஹாலில் வைத்துத் துடைக்கலாம்.

இன்னொன்று. சொந்த உபயோக வண்டியின் பதிவுக்கு ஆயுள் 15 வருடம். எந்த ஆர்.எக்ஸ்.100-ஐ எடுத்தாலும் அது என்றைக்கோ முடிந்திருக்கும். ஃபார்ம் 25 போட்டு, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஓட்டிப் போய்க் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். குப்பத்துக்காரருக்குத் திருவான்மியூர் ஆபீஸ், அதாவது டி.என். 07. அங்கே போகும்போது வண்டி, கம்பெனி விட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும்.

"வின்டேஜ் வண்டி சார்!" என்று சொல்லித் தப்பிக்கலாமா? 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும். மூத்த ஆர்.எக்ஸ்.100-க்கே அது 2035-ல்தான் ஆகும். அப்படியே ஆனாலும் வின்டேஜ் பதிவு வண்டியை தினசரி ஆபீஸுக்கு ஓட்ட அனுமதி இல்லை.

ஆக, பேப்பர் சரியாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். இப்போது ஸ்பானர்!

ஜன்னலை உயர்த்தியது யார்?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு என்ற சமாசாரமே சிலிண்டர் தலையில் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள்தான். பெட்ரோல் கலவை வர ஒன்று, புகை போக ஒன்று. பிஸ்டன்தான் வாட்ச்மேன். மேலே போகும்போது மூடும், கீழே வரும்போது திறக்கும்.

ரேஸ்காரர்கள் என்ன செய்வார்கள்? புகை ஜன்னலின் மேல் விளிம்பை ராவி உயர்த்திவிடுவார்கள். 'போர்ட்டிங்' என்று பெயர். ஜன்னல் சீக்கிரம் திறக்கும். புகை வேகமாக வெளியேறும். எஞ்சின் அதிவேகத்தில் சுற்றும்போது சக்தி பொத்துக்கொண்டு வரும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது? எரிக்க வேண்டிய பெட்ரோலும் அதே ஜன்னல் வழியாக நழுவிவிடும். விளைவு: டிராக்கில் புலி, திருவான்மியூர் சிக்னலில் பச்சை விழுந்தால், 'ப்ப்ப்...ட்' என்று அணைந்து நிற்கும். பின்னால் பஸ்ஸின் ஹாரன்!

இந்த வித்தையின் பின்னால் ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது. ஐம்பதுகளில் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்ற கம்பெனி. அதில் வால்டர் காடன் என்று ஓர் இன்ஜினீயர். சைலன்சரைக் குடுவை மாதிரி ஒரு இடத்தில் அகலமாக்கி, மறுபடி குறுக்கினால், உள்ளே போன அழுத்த அலை திரும்பி வந்து, ஓடிப்போகப் பார்க்கும் பெட்ரோலைக் கழுத்தைப் பிடித்து சிலிண்டருக்குள்ளேயே தள்ளும் என்பதை எஞ்சின்களில் செய்து காட்டியவர். 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது! அந்த வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். பெர்லின் சுவர் எழும்பிய அதே 1961-ல், ஸ்வீடன் ரேஸுக்குப் போன டெக்னர் திரும்பி வரவே இல்லை. மனைவி, குழந்தைகளைக் காரில் ஒளித்து எல்லை தாண்ட வைத்துவிட்டு, ரகசியத்தோடு ஜப்பான் சுசூகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே 50 சி.சி. உலகச் சாம்பியன்! ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகளின் ரேஸ் வேகத்துக்குப் பின்னால் இந்தக் கதைக்கும் பங்கு உண்டு.

நம்ம ஹீரோவின் வண்டியில் தொங்குவதும் அந்தக் குடுவை சைலன்சரின் பேரன்தான். அதைக் கழற்றி ஒரிஜினல் மாட்டிவிடலாம். ஆனால் ராவிய ஜன்னல்? அரத்தில் போன இரும்பு திரும்பி வராது. லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் இறக்கி, ஜன்னல்களை ஒரிஜினல் அளவில் வெட்டச் சொல்லலாம். அல்லது போர்ட்டிங் படாத நல்ல பிளாக் ஒன்றைத் தேடலாம். தேடும் இடம், வேறெங்கே... புதுப்பேட்டை! இல்லையென்றால் ஜி.பி. ரோடு. 'ஒரிஜினல் ஜப்பான் பீஸ், தலைவரே' என்று காட்டுவதையெல்லாம் நம்பாமல், ஜன்னல் உயரத்தை அளந்து பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்டையும் பார்க்க வேண்டும். அழுத்தம் கூட்டுவதற்காக அடிப்பக்கம் இழைத்திருப்பார்கள். அப்படியே ஓட்டினால் டிராஃபிக் சூட்டில் எஞ்சின் 'டிங்... டிங்...' என்று தட்டும். பிஸ்டனின் மரண ஓலை அது. நல்ல ஹெட்டாக மாற்றிவிடுவது உத்தமம்.

எண்ணெய் சமாசாரம்

யமஹா 1964-லேயே 'ஆட்டோலூப்' என்று ஒரு நல்ல காரியம் செய்தது. ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். ஆக்ஸிலேட்டரைத் திருகும் அளவுக்குத் தகுந்தாற்போல் ஆயில் தானே போகும். ஆர்.எக்ஸ்.100-லும் அது உண்டு. ரேஸ்காரர்கள் முதலில் கழற்றி எறிவதில் அதுவும் ஒன்று. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றிவிடுவார்கள். டிராக்கில் சரி. ரோட்டில் ஒருநாள் ஞாபக மறதியாக வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால்? ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 'எஞ்சின் சீஸ்' என்பார்களே, அதுதான். பின் சக்கரம் சுற்றாது, வண்டி வழுக்கும். ராஜீவ் காந்தி சாலையில், பின்னால் தண்ணி லாரி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஆயில் பம்ப் திரும்பி வந்தே ஆக வேண்டும். மாட்டிய பின், குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்ற வேண்டும். இங்கே அப்பா ஆஜர். போட்டு எஞ்சினோடு வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். "மொத டேங்குக்குப் பெட்ரோல்லயும் கொஞ்சம் ஆயிலு கலந்து வுடு. பம்பு வேலை செய்யுதானு தெரிஞ்சப்பறம் நிறுத்து" என்கிறார். நூற்றுக்கு நூறு சரியான யோசனை.

முக்கியமான எச்சரிக்கை: பழைய ரேஸ் வண்டியில் ஆமணக்கு ஆயில் ஓடியிருந்தால், அதோடு இன்றைய சாதா டூ-டி ஆயில் ஒத்துப்போகாது. இரண்டும் சேர்ந்தால் கோந்து மாதிரி திரண்டுவிடும். டேங்க், கார்புரேட்டர், கிராங்க் கேஸ் எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகுதான் புது ஆயில். கூடவே ரப்பர் ஓரிங், வாஷர், பெட்ரோல் குழாய் எல்லாம் புதுசு போடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகளின் ரப்பருக்கு அது ஆகாது.

விழுந்த வண்டி உண்மையைச் சொல்லாது

"ரேஸ்ல ஓடின வண்டிதான். ஆனா ஒரு தடவைகூட விழல சார்!" இந்த டயலாக்கைக் கேட்டால் மரியாதையாகச் சிரித்துவிட்டு, சோதனையை ஆரம்பியுங்கள்.

ஃபோர்க் பைப் இரண்டையும் கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைவு. ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். குப்பத்தில் கிடைக்கிற நைலான் நரம்பு போதும். பின் டயரிலிருந்து முன் டயர் வரை இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். முன் சக்கரம் நடுவில் நிற்கவில்லையென்றால் வண்டி என்றைக்கோ குட்டிக்கரணம் போட்டிருக்கிறது. ஃபிரேம் கழுத்தில் பெயின்டைச் சுரண்டி வெல்டிங் விரிசல் தேடுங்கள். ஸ்டீயரிங் கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங் - மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

போல்ட் தலைகளில் கம்பி நுழைகிற அளவுக்குச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பயப்பட வேண்டாம். டிராக்கில் போல்ட் கழன்று விழாமல் இருக்கக் கம்பி கட்டிய இடங்கள் அவை. வண்டி நிஜமாகவே ரேஸில் ஓடியதற்கான அங்க அடையாளம்!

டயரைக் கண்டிப்பாக மாற்றுங்கள். ரேஸ் டயர் சூடானால்தான் தரையைப் பிடிக்கும். காய்ந்த தார் ரோட்டுக்குச் செய்தது. நவம்பர் மழையில் அடையாறு பாலத்தின் மேல் அதை ஓட்டினால், பாலத்தில் பைக் ஓடாது, சறுக்கும். பிரேக் லைனிங்கும் அப்படித்தான். டிராக்கில் முதல் ரவுண்டு சும்மா சூடேற்றுவதற்காகவே ஓட்டலாம். ரோட்டில் வீட்டைவிட்டு வெளியே வந்த பத்தாவது மீட்டரில் ஒரு பந்து உருண்டு வரும். பந்துக்குப் பின்னால் ஒரு வாண்டு வரும். முதல் பிரேக்கே சுத்தமாகப் பிடிக்க வேண்டும்.

உப்புக் காற்று

தி.நகர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கடலோரவாசிகள் நின்று படியுங்கள். கொண்டல் காற்று வீசும் குப்பத்தில் இரும்பு சாமான் வைத்திருப்பதும் ஐஸ்கிரீமை வெயிலில் வைப்பதும் ஒன்று. வித்தியாசம், இது கொஞ்சம் மெதுவாகக் கரையும்.

பளபளவென்று குரோம் பூசிய ரிம்மில் முதலில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு துரு தெரியும். ஸ்போக் நுனிகளில் பிடிக்கும். அலுமினிய எஞ்சின் கவரில் வெள்ளைப் பொடி பூக்கும். வயர் முனைகளில் பச்சை ஏறும், ஹாரன் செத்துவிடும். ரீஸ்டோர் செய்த வண்டி கடலோரத்தில் இரண்டே மழைக்காலத்தில் கிழவியாகிவிடும்.

இதற்கும் வைத்தியம் கடலோரத்திலேயே இருக்கிறது. கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள் அல்லவா, அதே முறை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவிட்டு, வயர் முனைகளில் துளி கிரீஸ் தடவுங்கள். ஃபிரேமுக்குப் பெயின்ட் அடிக்கும் முன், ஸ்டாண்டையும் டூல் பாக்ஸையும் அறுத்து எடுத்த இடங்களில் கிளிப்புகளை வெல்டிங் செய்து முடித்துவிடுங்கள். பெயின்டுக்குப் பிறகு வெல்டிங் வைத்தால், அந்த இடத்தில்தான் உப்பு குடிவரும். முக்கியமாக, பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வேர்த்து இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துணிக் கவர் போதும்.

அடுத்தவர் சாமான்கள்

எஞ்சின் ஆச்சு. ஃபிரேம் ஆச்சு. இப்போது டிராக்கில் வேண்டாம் என்று கழற்றி எறிந்த சாமான்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு விஷயம் உங்களுக்கே உறைக்கும்.

ஹாரன் - ஓட்டுகிறவருக்கா? இல்லை, எதிரே குறுக்கே வருகிறவருக்கு. பிரேக் லைட் - பின்னால் வருகிறவருக்கு. இண்டிகேட்டர் - பக்கத்தில் வருகிறவருக்கு. பின் மட்கார்டு - பின்னால் வருகிறவர் சட்டையில் சேறு படாமல் இருக்க. சைலன்சர் - ஊரிலுள்ளவர் தூக்கத்துக்கு. பின் சீட்டு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை கார்டு - கூட வருகிறவருக்கு. கழற்றியதில் முக்கால்வாசி அடுத்தவர்களுக்காக வைத்தது! டிராக்கில் அடுத்தவர் கிடையாது. எதிரே வண்டி வராது, குழந்தை வராது, மாடு வராது. அதனால் அங்கே அவை வெறும் எடை. ரோட்டில் அவைதான் வண்டி.

இதை சட்டமும் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது தெரியுமா? பைக்கில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கிற தடுப்பு வேண்டும். அம்மாவின் 'நான் எங்க குந்துறது?' டெல்லியிலேயே விதியாக எழுதப்பட்டிருக்கிறது!

லைட்டில் ஒரு நுணுக்கம். எடை குறைய மேக்னெட்டை இழைத்து, லைட்டுக்குக் கரண்ட் தரும் காயிலைப் பிடுங்கியிருப்பார்கள். அப்படியானால் ஹெட்லைட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு 'எரியலியே' என்று முழிக்க வேண்டியதுதான். மேக்னெட் செட், வயரிங் இரண்டும் முழுசாக வேண்டும். கிக்கரையும் மறந்துவிடாதீர்கள். தினமும் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆபீஸ் டிரஸ் ஏற்றதல்ல.

புகை சர்டிபிகேட்டுக்கும் போக வேண்டும். 2000 மார்ச் 31 வரை தயாரான டூவீலர்களுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ரேஸ் கார்புரேட்டரின் பெரிய ஜெட்டை வைத்துக்கொண்டு போனால் மெஷினே இருமும். ஒரிஜினல் சைஸ் ஜெட் போட்டு, ஏர் ஃபில்டரும் மாட்டினால் பாஸாகிவிடும்.

"அந்தக் குடுவை சைலன்சர் மட்டும் இருக்கட்டுமே சார், சவுண்டு சூப்பரா இருக்கும்..." என்று கெஞ்சுபவர்களுக்கு: சத்தமும் புகையும் அளவு மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் போகும். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை ஒரு வருடம் வரை நீளும். இதெல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு.

அபராதத்தை விடுங்கள். எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் நிற்கிறதே, காதல் ஜோடிகளும் சினிமா ஷூட்டிங்கும் பார்த்த இடம். அது யாருக்காகக் கட்டியது என்று பைக் பையன்கள் பல பேருக்குத் தெரியாது. கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர். 1930 டிசம்பர் 30-ம் தேதி, கடலில் தத்தளித்த அடுத்தவரைக் காப்பாற்றப் போய், தானே மூழ்கிப் போனவர். அதைச் சுற்றி நூறில் திரும்பி, மீன்கூடைகளுக்கும் சுண்டல் வண்டிகளுக்கும் நடுவே வீலிங் காட்டுகிறவர்கள், ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திவிட்டு அந்த மண்டபத்தைப் பார்த்தால் தேவலை.

வேகம் வேண்டுமா? தப்பே இல்லை. இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. டாக்டர், ஆம்புலன்ஸ், கொடி காட்டுகிறவர் எல்லோரும் இருக்கும் இடத்தில் ஆசை தீர ஓட்டலாம். சிட்டி ரோட்டிலும் ரேஸ் நடக்காமல் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ராத்திரியில் பறந்தன. ஆனால் அதற்கு முன் ரோட்டை மூடி, தடுப்பு வைத்து, 'அடுத்தவர்' ஒருத்தர்கூட உள்ளே வராதபடி செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாற்பதுக்கு மேல் கூடாது!

வண்டி ரெடி. பதிவு ரெடி. இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் ரெடி. இப்போதுதான் பெரிய சோதனை. புது பிஸ்டன், புது ரிங் போட்ட எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்கக் கூடாது. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் பிடிக்கவும் கூடாது. நாற்பது, நாற்பத்தைந்துக்குள் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ரன்னிங்-இன்!

டிராக்கில் நூறைத் தாண்டிய வண்டி லாட்டீஸ் பிரிட்ஜ் ரோட்டில் முப்பத்தெட்டில் போகிறது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளில் அதைத் தாண்டிப் போகிறாள். டியூஷன் மாஸ்டர் ஒருவர் பழைய டி.வி.எஸ். 50-ல் தாண்டிப் போகிறார். நம்ம ஹீரோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக ஓட்டுகிறார். ஆபீஸ், மார்க்கெட், ரேஷன் கடை என்று நின்று நின்று போகிற குடும்ப ஓட்டம்தான் ரன்னிங்-இன்னுக்கு ஏற்ற ஓட்டம் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த ரகசியம்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும், ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கரியாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், ஜெட்டைக் கவனியுங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் ஆபத்து. எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மேரி பிஸ்கட் கலரில் இருக்கிறதா? பலே! துடைத்து மாட்டிவிட்டு, ஆயில் டேங்கில் லெவல் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். லைட்டைப் போட மறக்க வேண்டாம். பொழுது சாய்கிறது, எதிரே ஆள் வருகிறார்கள்.